முதுகில் நீலம், கண்ணிலும் நீலம்: ஒரு தாயும் ஏழு மாதக் குழந்தையும்

திருப்பூர் பக்கம் தோல் மருத்துவம் பார்க்கிறேன். ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ஞாயிறு விடுமுறையில் சேர்ந்த கூட்டமெல்லாம் காலையிலேயே வந்து உட்கார்ந்திருக்கும் நேரம், மூன்று பேர் உள்ளே வந்தார்கள். மாமியார், மருமகள், மருமகளின் இடுப்பில் ஏழு மாத ஆண் குழந்தை. பேசியது முழுக்க மாமியார்தான். குழந்தையை வாங்கிப் பரிசோதனை மேஜையில் குப்புறப் போட்டு, சட்டையைத் தூக்கி, "பாருங்க டாக்டர், பச்சப் புள்ளையக் கிள்ளியும் அடிச்சும் வச்சிருக்காங்க. எப்படிக் கன்னிப் போய்க் கெடக்குதுன்னு பாருங்க" என்றார். குரல் நடுங்கியது, பாதி கோபத்தில், பாதி அழுகையில்.

மருமகளுக்கு 26 வயது. ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது, குழந்தையைக் கம்பெனியின் குழந்தைகள் காப்பகத்திலேயே விட்டிருந்தார். பிரசவம் வழக்கப்படி தாய் வீட்டில். ஐந்து மாதம் வரை குழந்தையைக் குளிப்பாட்டியது அங்கிருந்த அம்மாயி (தாயைப் பெற்றவர்), அப்புறம் தாய். இவர் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் குளியல் மாமியார் கைக்கு வந்திருக்கிறது. அதாவது பேரனின் முதுகை அவர் பகல் வெளிச்சத்தில் முழுசாகப் பார்த்ததும், பேரன் காப்பகத்துக்குப் போக ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் நடந்தவை. சந்தேகம் வராமல் என்ன செய்யும்? நேராகக் கம்பெனிக்குப் போய்ச் சத்தம் போட்டுவிட்டார். அங்கே இருந்த ஆயாவை, விசாரித்து முடிக்கும்வரை வர வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் குழந்தையைப் பார்க்கும்போது அந்த அம்மாவுக்கு வேலை இல்லாமல் ஆறாவது நாள்.

மருமகள் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தார். "பொறந்ததுல இருந்தே இருக்குதுன்னு சொல்லிட்டேங்க. அத்தை நம்ப மாட்டேங்கறாங்க."

குழந்தையின் தோல்

இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடத்தில் தொடங்கி இரண்டு புட்டத்திலும் இறங்கிய ஒரு பெரிய படை, அளந்தால் 9 சென்டிமீட்டருக்கு 6. இடது தோள்பட்டையின் பின்னால் இரண்டு. இடது மணிக்கட்டின் புறத்தில் 2 சென்டிமீட்டரில் ஒன்று, வலது கணுக்காலில் இன்னும் சிறிதாக ஒன்று. எல்லாம் சிலேட்டுப் பலகையை ஈரத்துணியால் துடைத்தால் வரும் நிறம். ஓரங்கள் மங்கலாக, எங்கே முடிகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாதபடி கரைந்துபோயின. அழுத்தினேன், நிறம் மாறவில்லை, குழந்தை சிணுங்கவுமில்லை. வீக்கம் இல்லை, சூடு இல்லை, சிராய்ப்பு எதுவும் இல்லை.

பார்த்த மாத்திரத்தில் என்னவென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் உடனே சொல்லவில்லை, அதற்குக் காரணம் உண்டு. தவழவோ பிடித்து நிற்கவோ தொடங்காத குழந்தைக்கு ரத்தக்கட்டு தானாக வருவது மிக அபூர்வம். தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை முட்டியிலும் நெற்றியிலும் நாலு இடத்தில் கன்றிப்போய் வருவது சாதாரணம், ஆனால் உட்கார மட்டும் தெரிந்த ஏழு மாதக் குழந்தையின் முதுகில் கன்றல் இருந்தால், யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டுதான் ஆரம்பிக்க வேண்டும். மாமியாரின் சந்தேகத்தை "உங்களுக்கு என்ன தெரியும்" என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மச்சம் இருக்கிற குழந்தையை யாரும் அடிக்க மாட்டார்கள் என்றும் இல்லையே. அதனால் துணி முழுவதையும் கழற்றி, காதுக்குப் பின்னால், வாய்க்குள், கக்கத்தில், தொடை இடுக்கில் என்று ஒரு இடம் விடாமல் பார்த்தேன். கை கால் எலும்புகளைத் தடவிப் பார்த்தேன். வயிற்றைத் தொட்டு ஈரலும் மண்ணீரலும் பெருத்திருக்கிறதா என்று பார்த்தேன். இந்தக் கடைசிச் சோதனை அடி சம்பந்தப்பட்டதல்ல. இப்படிப்பட்ட நீலப் படைகள் உடம்பெங்கும் மிகப் பரவலாக, நாளாக ஆகக் கூடிக்கொண்டே போனால், ஜிஎம்1 கேங்லியோசிடோசிஸ், ஹர்லர் நோய் போன்ற அரிய பிறவி வளர்சிதைக் கோளாறுகள் பின்னால் இருக்கலாம். அந்தக் குழந்தைகளுக்கு வளர்ச்சி பின்தங்கும், முக அமைப்பு மாறும், ஈரல் பெருக்கும். இவனுக்கு எதுவும் இல்லை. என் ஸ்டெதஸ்கோப்பின் குழாயைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.

"போன்ல சின்ன வயசுப் படம் ஏதாவது இருக்குமா?" என்று மருமகளிடம் கேட்டேன். இந்தக் காலத்தில் இல்லாமலா? 28-ஆம் நாள் எண்ணெய்க் குளியல். அம்மாயி காலை நீட்டி உட்கார்ந்து, அதன்மேல் குழந்தையைக் குப்புறப் போட்டிருக்கிறார். எண்ணெய் மினுங்கும் சின்ன முதுகின் கீழே அதே வடிவத்தில் அதே நீலம், இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் அடர்த்தியாகவே. படத்தைப் பெரிதாக்கி மாமியார் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை.

ரத்தக்கட்டு என்றால் ஒரு நிறத்தில் நிற்காது. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறி ஏறத்தாழ இரண்டு வாரத்தில் போய்விடும். இது மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். இருந்தாலும் மாமியாரின் மனதுக்காகப் பெரிய படையின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, அளவு வைத்துப் படம் எடுத்து, பத்து நாள் கழித்து வரச் சொன்னேன். கம்பெனிக்குக் கொடுக்க ஒரு கடிதமும் எழுதினேன். "இவை பிறவியிலேயே உள்ள நிறமிப் படைகள், காயம் அல்ல, உடலில் காயத்தின் அடையாளம் எதுவும் இன்று இல்லை" என்று இரண்டு வரி. மருத்துவமனையிலேயே இதைச் செய்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். பிறந்த அன்றே குழந்தையின் உடம்பில் இருக்கும் நீலப் படைகளைப் பிறப்புக் குறிப்பில் நாலு கோடு போட்டு எழுதி வைத்தால், ஏழு மாதம் கழித்து ஓர் ஆயாவின் ஒரு வாரக் கூலி போயிருக்காது.

புத்தகங்களில் இதற்கு நெடுநாள் இருந்த பெயர் மங்கோலியப் புள்ளி. 1880-களில் டோக்கியோவில் வேலை பார்த்த எர்வின் பெல்ஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர், இது அந்த இனத்தாரின் அடையாளம் என்று நினைத்து வைத்த பேர். அவர் ஒரு தடவை திருப்பூர் பக்கம் வந்திருந்தால் அந்தப் பேரை வைத்திருக்க மாட்டார். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது அவ்வளவு சகஜம், ஆப்பிரிக்கப் பிள்ளைகளுக்கும் அப்படியே. இப்போது தோலடி மெலனோசைட் படை என்கிற மாதிரிப் பெயரைத்தான் பயன்படுத்துகிறோம். பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் தானாக மங்கிவிடும். மருந்து வேண்டாம், எண்ணெய் தேய்த்தும் போகாது, தேங்காய் நாரால் தேய்த்தால் தோல்தான் போகும். இடுப்பை விட்டு மணிக்கட்டு, கணுக்கால் என்று தள்ளி இருப்பவை மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக நிற்கும்.

அம்மாவின் முகம்

சீட்டு எழுதி முடித்தாகிவிட்டது. வெளியே அடுத்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். குழந்தை தாயின் முகக்கவசத்தைப் பிடித்து இழுத்தான், எச்சில் ஒழுகும் கையால் அவர் கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்தான். இடது கண்ணுக்குக் கீழே அப்பியிருந்த பவுடர் மூன்று விரல் கோடுகளாக அழிந்தது. அந்தக் கோடுகளுக்குள் தெரிந்தது, பிள்ளையின் முதுகில் இருந்த அதே சிலேட்டு நீலம்.

"கொஞ்சம் இரும்மா. முகத்தைக் கழுவிட்டு வா" என்றேன்.

கழுவிவிட்டு வந்தவரை ஜன்னல் ஓரம் உட்கார வைத்துப் பார்த்தேன். (நிறமிக் கோளாறுகளை டியூப்லைட்டில் பார்ப்பது பாதி குருட்டுத்தனம், எனக்கு ஜன்னல் வேண்டும்.) இடது நெற்றிப்பொட்டு, கீழ் இமை, கன்னமேடு, மூக்கின் இடது பக்கம் வரை நீலமும் பழுப்பும் கலந்த புள்ளிகள் கூடிப் படையாகி, நடுக்கோட்டில் கத்தரித்ததுபோல் நின்றன. வலது பக்கம் ஒரு புள்ளி கூட இல்லை. கண்ணை மேலே பார்க்கச் சொன்னேன். இடது விழியின் வெண்மையில், கருவிழிக்குக் கீழும் ஓரத்திலும், மை சிந்தித் துடைத்ததுபோல் சாம்பல் நீலத் திட்டுகள்.

இதற்கு மேலே இன்னொரு அடுக்கும் இருந்தது. கன்னத்துத் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்து, உள்ளே சிவப்பு இழைகளாக ரத்தக் குழாய்கள். தாடையோரம் சின்னச் சின்னப் பருக்கள், மெல்லிய முடி வளர்ச்சி. நீலப் படையைச் சுற்றியிருந்த நல்ல தோல் இயல்புக்கு மீறி வெளுத்திருந்தது. இந்த அடுக்கைப் பார்த்ததும் கேள்வியை மாற்றினேன். "என்ன டியூப் போடறே?"

கைப்பையிலிருந்தே எடுத்துக் காட்டினார். ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயின், அதோடு ஒரு ஸ்டீராய்டு, மூன்றும் சேர்ந்த களிம்பு. ஒரு காலத்தில் யாரோ மங்கு என்று சொல்லி எழுதிக் கொடுத்தது, எட்டு வாரத்துக்கு. இவர் ஆறு வருடமாக மருந்துக் கடையில் நேரே வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறார். நிறுத்தினால் முகம் எரிகிறது, சிவக்கிறது, அதனால் மறுபடி போடுவது. இந்தியாவில் 2018-இல் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று விதியை இறுக்கினார்கள். விதி இருக்கிறது. டியூப்பும் கிடைக்கிறது.

கதையைக் கேட்டேன். சின்ன வயதில் கண்ணோரம் லேசாக ஏதோ இருந்ததாக அம்மா சொல்வாராம். வயதுக்கு வந்த பிறகு கன்னத்துக்கு இறங்கிப் பரவியது. பள்ளிக்கூடத்தில் பட்டப்பேர். (என்ன பேர் என்று கேட்டேன், சொல்லவில்லை.) பியூட்டி பார்லரில் இரண்டு தடவை தோல் உரித்துப் பார்த்ததில் நெற்றிப்பொட்டில் ஒரு தழும்பு மிச்சம். கர்ப்பத்தின்போது இன்னும் கருத்தது. மாமியார் குறுக்கிட்டார். "மங்குதானுங்க அது. பொண்ணு பாக்கப் போனப்ப பவுடர்ல மூடித்தான் காட்டுனாங்க. இவங்கம்மா முழுகாம இருந்தப்ப கிரகணத்தன்னைக்கு வெளிய வந்திருப்பாங்க, வேற என்ன." மருமகள் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியானால் உங்கள் பேரனுக்கு யார் கிரகணத்தில் வெளியே போனது என்று நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இது மங்கு இல்லை. மங்கு பெரும்பாலும் இரண்டு கன்னத்திலும் சமமாக வரும், பழுப்பாக இருக்கும், கண்ணின் வெள்ளைக்குள் ஒருநாளும் போகாது. ஹோரி என்பவர் 1984-இல் விவரித்த ஒரு வகை உண்டு, பார்க்க இதே நீலம்தான், ஆனால் பெரியவர்களான பிறகு இரண்டு கன்னமேட்டிலும் வரும், கண்ணைத் தொடாது. இவருக்கு ஒரு பக்கம், முகத்து உணர்வு நரம்பின் முதல் இரண்டு கிளைகள் ஓடும் பரப்பு, கண்ணிலும் நிறமி. ஓட்டா மச்சம். தோலைப் பெரிதாக்கிப் பார்க்கும் டெர்மாஸ்கோப்பிலும் வலைப்பின்னல் இல்லாத சீரான சாம்பல் நீலம். சதை எடுத்துச் சோதிக்கவில்லை. இவ்வளவு தெளிவாக இருக்கும்போது முகத்தில் இன்னொரு தழும்பு எதற்கு? திடீரென்று கட்டி தட்டினாலோ, ஒரு இடம் மட்டும் வேகமாகக் கருத்தாலோ எடுத்தே ஆக வேண்டும், அது வேறு விஷயம்.

இதை 1939-இல் தனி நோயாக விவரித்தவர் மசாவோ ஓட்டா, டோக்கியோவில் தோல் மருத்துவப் பேராசிரியர். கினோஷிதா மொகுதாரோ என்ற புனைபெயரில் கவிதையும் நாடகமும் எழுதிய ஆள் என்பது பலருக்குத் தெரியாது. ஆசியர்களிடம் அதிகம், பெண்களிடம் இன்னும் அதிகம். பாதிப் பேருக்குப் பிறந்ததிலிருந்து அல்லது முதல் வருடத்தில் தெரியும், மீதியில் பெரும்பாலோருக்குப் பூப்பெய்தும் வயதில். பிள்ளையின் முதுகுக்கும் இதற்கும் முக்கியமான வித்தியாசம் ஒன்றுதான்: அது போய்விடும், இது தானாகப் போகாது.

ஏன் நீலம்

இதைச் சொல்லிப் புரிய வைக்க எனக்கு அன்று படம் எதுவும் வரைய வேண்டியிருக்கவில்லை. மாமியாரின் முன்கையில் பச்சை குத்தியிருந்தது, கோலம் மாதிரி புள்ளி வைத்த ஒரு பழைய உரு. "இதுக்கு எதை வச்சுக் குத்துனாங்கன்னு ஞாபகம் இருக்குங்களா?" என்றேன். "கரியக் கொழச்சுத்தான்" என்றார். கரி கறுப்பு. ஆனால் நாம் அதைப் பச்சை என்கிறோம், பச்சை நீலமாகத்தான் தெரிகிறது. காரணம், அது தோலின் மேலே இல்லை, உள்ளே இருக்கிறது. வெளிச்சம் தோலுக்குள் இறங்கும்போது சிவப்பு ஆழம் வரை போய்க் கறுப்பில் பட்டு அங்கேயே மாட்டிக்கொள்ளும். நீலம் பாதி வழியிலேயே சிதறி வெளியே திரும்பி வரும். நம் கண்ணுக்கு வருவது திரும்பி வந்ததுதான்.

மெலனினும் அப்படித்தான். தோலின் மேலடுக்கில் இருந்தால் பழுப்பு, டீத்தூள் நிறம். உள்ளடுக்கில் இருந்தால் சாம்பல், நீலம். கருவில் இருக்கும்போது நிறமி செய்யும் செல்கள் முதுகுப் பக்கத்து நரம்பு முகட்டிலிருந்து கிளம்பி நடந்து வந்து தோலின் மேலடுக்கில் குடியேறுகின்றன. சில செல்கள் வழியில், உள்ளடுக்கிலேயே தங்கிவிடுகின்றன. இடுப்பில் தங்கினால் பிள்ளைக்கு வந்த படை, முகத்திலும் கண்ணிலும் தங்கினால் ஓட்டா, தோள்பட்டையில் தங்கினால் இட்டோ என்று இன்னொரு ஜப்பானியர் பெயர். கிரகணத்துக்கு இதில் வேலை இல்லை. இரண்டு பேருக்கும் இருப்பது தாய் வழியில் வந்ததா என்றும் கேட்டார்கள். இல்லை, ஓட்டா சாதாரணமாகப் பரம்பரையாக வருவதில்லை, பிள்ளையின் முதுகு நம் ஊரில் பாதித் தெருவுக்கு இருக்கிறது.

களிம்பு ஏன் கேட்கவில்லை என்பதும் இங்கேயே விளங்கிவிடும். ஹைட்ரோகுயினோன் மேலடுக்குச் செல்களின் வேலையைத்தான் மட்டுப்படுத்தும். மாடி வீட்டுக்கு வெள்ளையடித்தால் கீழ்வீட்டுச் சுவர் வெளுக்குமா? நல்ல தோல் வெளுத்தது, உள்ளே நீலம் அப்படியே நின்றது, இரண்டுக்கும் வித்தியாசம் கூடி மச்சம் முன்னைவிடக் கறுப்பாகத் தெரிந்தது. அதைப் பார்த்து இன்னும் கொஞ்சம் களிம்பு. ஆறு வருடம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்லூரி மாணவிக்கு ஒரு பக்கக் கன்னத்தில் இருந்ததை நானும் மங்கு என்று எழுதியிருக்கிறேன். கண்ணைத் தூக்கிப் பார்க்கச் சொல்லவில்லை. அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை.

அப்புறம் மாமியார் தம் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "லேசர்ல இதையும் எடுத்துப் போடலாங்களா?" என்றார். எடுக்கலாம் என்றேன். செலவைக் கேட்டார். சொன்னேன். "அப்ப இருந்துட்டுப் போகட்டும்."

கண்

முகத்தைவிட எனக்குக் கவலையாக இருந்தது கண். அந்த நிறமிச் செல்கள் கண்ணின் வெள்ளையோடு நிற்பதில்லை, கண்ணுக்குள் திரவம் வடியும் சல்லடை போன்ற வடிகாலிலும் போய் உட்காரும். அடைத்தால் கண்ணழுத்தம் ஏறும், வலியே இல்லாமல் பார்வை நரம்பை அரிக்கும். தாய்லாந்தில் இந்த மச்சம் உள்ள 194 பேரின் கண்ணைப் பரிசோதித்து 1990-இல் வெளியிட்டார்கள். பத்தில் ஒருவருக்கு அழுத்தம் கூடியிருந்தது. கண்ணுக்குள் மெலனோமா புற்றுநோயும் வரலாம். இந்த மச்சம் உள்ள வெள்ளையர்களில் சுமார் 400 பேருக்கு ஒருவர் என்று கணக்கு, நம்மவர்களிடம் அதைவிட மிக அபூர்வம். ஆனால் அபூர்வம் என்பதற்காக வருடம் ஒருமுறை விழித்திரையைப் பார்க்காமல் விட முடியாது.

கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவமனைக்கு அனுப்பினேன். போகவே மாட்டேன் என்றார், நன்றாகத்தானே தெரிகிறது என்று. அதுதான் சிக்கலே என்றேன். போய்விட்டு வந்த சீட்டில் இருந்தது: வலது கண்ணழுத்தம் 15, இடது 27. இயல்பு 10 முதல் 21 வரை. பார்வை நரம்பின் குழிவு (எண் கூடக் கூட அரிப்பு அதிகம்) வலதில் 0.3, இடதில் 0.6. வடிகால் கோணம் திறந்திருக்கிறது, இடதில் அடர்த்தியான நிறமி. பார்வைப் பரப்புச் சோதனை இரண்டிலும் இயல்பு. அதாவது நரம்பு அரிக்கத் தொடங்கியிருக்கிறது, பார்வை இன்னும் போகவில்லை. 26 வயது.

சொட்டு மருந்து தேர்ந்தெடுப்பதிலும் ஒரு முடிச்சு. இந்தக் கண்ணழுத்த நோய்க்குப் (கிளாக்கோமா) பொதுவாக முதலில் எழுதும் லட்டானோப்ராஸ்ட் வகைச் சொட்டு, கண்ணைச் சுற்றியுள்ள தோலையும் இமை முடியையும் தானே கருக்கச் செய்யும். நாங்கள் ஒரு பக்கம் கருமையை எடுக்க, அது மறுபக்கம் சேர்த்துக்கொண்டிருக்கும். இன்னொரு வழக்கமான சொட்டான டிமோலால் தாய்ப்பாலில் கலக்கும், குழந்தையின் இதயத் துடிப்பையும் மூச்சையும் கவனிக்க வேண்டும். கண் மருத்துவர் டார்சோலமைடு எழுதினார், ஒரு நாளைக்கு மூன்று வேளை. சொட்டு விட்டதும் கண்ணின் மூக்கோர முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் மருந்து மூக்குவழி இறங்கி ரத்தத்தில் கலப்பது குறையும், அதைச் செய்து காட்டிப் பழக்கிவிட்டார்கள். ஆறு வாரத்தில் 21.

களிம்பு, பிறகு லேசர்

ஸ்டீராய்டை நிறுத்தியதும் நான் சொன்னபடியே முகம் பழி வாங்கியது. மூன்றாம் நாளிலிருந்து சிவந்து, எரிந்து, வீங்கி, பருக்கள் பொங்கின. இரவு பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் படம் வரும், கூடவே "பழைய டியூப் ஒரு தடவை மட்டும் போட்டுக்கட்டுங்களா". வேண்டாம், வேண்டாம் என்று ஆறு வாரம். ஈரப்பதம் காக்கும் சாதாரணக் களிம்பு, ஸ்டீராய்டு இல்லாமல் அழற்சியைத் தணிக்கும் டாக்ரோலிமஸ், சன்ஸ்கிரீன், ஐஸ் ஒத்தடம் இல்லாமல் வெறும் குளிர்ந்த தண்ணீர் ஒத்தடம். அந்த ஆறு வாரம் எல்லா மருந்தையும்விட உதவியது மாமியார்தான். பழைய டியூப்பைப் பிடுங்கித் தன் பீரோவில் பூட்டி வைத்துவிட்டார்.

கார்த்திகையில் லேசர் ஆரம்பித்தோம். க்யூ-ஸ்விட்ச் என்டி யாக், 1064 நானோமீட்டர். நம் நிறத் தோலுக்கு இதுதான் சரி, ஏனென்றால் இந்த அலைநீளம் மேலடுக்கு மெலனினை அதிகம் சீண்டாமல் ஆழத்துக்குப் போகும். குறைந்த அலைநீளத்தில் அடித்தால் மேல் தோல் வெந்து வெள்ளைத் திட்டு வரும் ஆபத்து அதிகம். லேசர் துடிப்பு நொடியில் கோடியில் ஒரு பங்கை விடவும் குறைவான நேரம். அந்த நேரத்துக்குள் நிறமித் துணுக்கு வெடித்துவிடும், பக்கத்துத் தோலுக்குச் சூடு பரவ நேரமே இருக்காது. ஆண்டர்சனும் பாரிஷும் 1983-இல் சொன்ன இந்த ஒரு யோசனையில்தான் இன்று நிறமிக்கும் பச்சைக்கும் செய்யும் லேசர் எல்லாம் நிற்கிறது. வெடித்த துகளை உடம்பின் துப்புரவுச் செல்கள் மாதக்கணக்கில் அள்ளிக்கொண்டு போகும், அதனால்தான் இரண்டு மூன்று மாதம் இடைவெளி. முந்தியடித்து மாதம் ஒருமுறை செய்வதில் பணம்தான் அதிகம் போகும்.

முதலில் காதோரம் ஒரு சின்ன இடத்தில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கன்னத்துக்கு வந்தேன். கீழ் இமைக்கு வரும்போது மரத்துப்போகும் சொட்டு விட்டு, கண்ணுக்குள் உலோகக் கவசத்தைச் செருகாமல் கைவைக்க மாட்டேன். வெளியே கட்டும் கண்ணாடி இமை ஓரத்துக்குப் போதாது, ஒரு துடிப்பு உள்ளே போனால் விழித்திரை போச்சு. கண்ணின் வெள்ளையில் உள்ள நீலத்தை இந்த லேசரால் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. இதை முதல் நாளே சொல்லிவிட்டேன்.

இரண்டாவது தடவை தை மாதம். பத்து நாள் வெயிலில் போகாதே என்று சொல்லி அனுப்பினேன். தைப்பூசம் வருவதை நான் யோசிக்கவில்லை. குடும்பத்தோடு பழனிக்குப் பாதயாத்திரை, நாலு நாள், காலையிலிருந்து மாலை வரை வெயில், சன்ஸ்கிரீன் முதல் நாள் வியர்வையோடு போயிற்று. திரும்பி வந்தபோது லேசர் பட்ட இடமெல்லாம் பழுப்பாகக் கருத்திருந்தது. "முருகனுக்கு வேண்டிக்கிட்டதுங்க, விட முடியுங்களா" என்றார். தப்பு என்னுடையது. இந்த ஊரில் இருபது வருடமாக இருக்கிறேன், தை மாதம் யார் எங்கே நடப்பார்கள் என்று தெரியாதா? அந்தக் கருமை, லேசர் சூடு கிளப்பிய மேலடுக்குக் கருமை, நான்கு மாதத்தில் தானாக இறங்கியது. அதுவரை லேசரை நிறுத்தினேன். அடுத்த வருடத் தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் முன்னும் பின்னும் தேதி கொடுப்பதில்லை என்று கேஸ் அட்டையில் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

இதுவரை ஐந்து தடவை. ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஒரே கேமரா என்று எடுத்த படங்களை வரிசையாக வைத்தால் கன்னத்தில் முக்கால்வாசி போயிருக்கிறது, நெற்றிப்பொட்டில் பாதி, கீழ் இமையில் அதைவிடக் குறைவு. இமைத் தோல் எப்போதும் கஞ்சத்தனம். பார்லர் தழும்பு அப்படியே இருக்கிறது. இன்னும் மூன்று, நான்கு தடவை தேவைப்படலாம், சிலருக்குப் பல வருடம் கழித்து லேசாகத் திரும்பியும் வரலாம், அதையும் சொல்லியிருக்கிறேன்.

நடுவில் மாமியார் தன் மகள் வயிற்றுப் பேத்தியையும் கூட்டிவந்தார், தொடையில் காபி நிறத்தில் ஒரு படை, இதற்கும் லேசர் வேண்டுமா என்று. ஒன்று இரண்டு இருந்தால் விட்டுவிடலாம். பூப்பெய்தாத பிள்ளைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் ஆறோ அதற்கு மேலோ இருந்தால் நியூரோஃபைப்ரோமடோசிஸ் (நரம்புகளில் கட்டிகள் வளரும் பிறவி நோய்) இருக்கிறதா என்று தேட வேண்டும், கக்கத்தில் பொரிப்பொரியாகப் புள்ளி, கண்ணின் கருந்திரையில் சிறு முடிச்சு என்று பார்ப்போம். எண்ணினேன். ஒன்றுதான். அனுப்பிவிட்டேன்.

பையனுக்கு இப்போது இரண்டரை வயது. இடுப்புப் படை வெளுத்து, தெரிந்து பார்த்தால்தான் தெரிகிறது. மணிக்கட்டில் இருப்பது அளவில் மாறவில்லை, நிறத்தில் கொஞ்சம். ஆயா பத்தாம் நாளே வேலைக்குத் திரும்பிவிட்டார், என் கடிதத்தைக் காப்பகச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்களாம். புதுக் குழந்தை சேரும்போது தாயை வைத்துக்கொண்டே உடம்பு முழுக்கப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்கிறாராம் அந்த அம்மா, யாரும் சொல்லிக்கொடுக்காமல். போன மாதம் இடது கண்ணழுத்தம் 19, குழிவு 0.6 தான், கூடவில்லை. அடுத்த பார்வைப் பரப்புச் சோதனை மாசி மாதம். தைப்பூசம் முடிந்து வருகிறேன் என்று இப்போதே சொல்லிவிட்டார்.